பக்கம் முழுவதும் ஒரே இசை: நீண்ட புரோக்ரசிவ் ராக், ஜாஸ் ஃப்யூஷன் பதிவுகளை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியின் சாரம் இது. பிங்க் ஃபிளாய்டின் ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’ உங்களுக்குப் பல ஆண்டுகளாகப் பிடித்திருக்கிறது. அந்தத் துணிவில், பலரும் சிகரங்கள் என்று சொல்லும், ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் புரூ’, யெஸ் என்ற ராக் குழுவின் ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ ஆகிய இரண்டையும் கேட்கத் தொடங்கி, இரண்டையும் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீளும் புரோக்ரசிவ் ராக், ஜாஸ் ஃப்யூஷன் பதிவுகளில் எவற்றை, எந்த வரிசையில் கேட்டால் பிடிபடும் என்றும், பொறுமை இல்லாதது உங்கள் குறைதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பொறுமையைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடலாம். ‘ஷைன் ஆன்’ பதிவில் பாடும் குரல் நுழைவதற்கே எட்டு நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. அதை ரசித்துக் காத்திருக்கத் தெரிந்தவருக்குப் பொறுமைக் குறைவு இருக்க முடியாது. நீங்கள் எடுத்த இரண்டு பதிவுகளுமே இந்தத் துறையின் வாசல்கள் அல்ல, கொல்லைப்புறங்கள். அது மட்டுமல்லாமல், அவை ஒன்றுக்கொன்று நேர்மாறான காரணங்களால் நீண்டவை. ராக் வாத்தியங்களில் பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்புகளைக் கட்டும் புரோக்ரசிவ் ராக்கில் நீளம் பெரும்பாலும் எழுதப்பட்டது: ஒரு மெட்டு வரும், மறையும், வேறு தாளத்திலோ வேறு வாத்தியத்திலோ உருமாறித் திரும்பும், கடைசியில் பழைய வடிவிலேயே பெரிதாக வந்து நிற்கும். ஜாஸோடு ராக்கின் மின்வாத்தியங்களையும் தாளத்தையும் கலந்த ஜாஸ் ஃப்யூஷனில் நீளம் வாசிப்பிலிருந்து பிறப்பது: ஒரு சிறு சொற்றொடரையோ பேஸ் கிட்டாரின் ஒரு சுழற்சியையோ வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவர் என்ன வாசிக்கிறார் என்று கேட்டபடி அதை வளர்த்துக்கொண்டே போவார்கள். முதல் வகையைக் கேட்கும் காதோடு இரண்டாம் வகைக்குப் போனால், திரும்பி வராத மெட்டுக்காகக் காத்திருந்து களைத்துப்போவோம். ‘பிட்சஸ் புரூ’வில் உங்களுக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே எந்த நீண்ட பதிவை எடுத்தாலும், இந்த நீளத்தைத் தாங்கிப் பிடிப்பது எது என்ற கேள்வியோடு கேளுங்கள். கீழே உள்ள பரிந்துரைகளை அந்தக் கேள்வியை வைத்துத்தான் தேர்ந்தேன்.

இவற்றில் பெரும்பாலானவை ஏன் பதினெட்டு முதல் இருபத்தைந்து நிமிடங்களுக்குள் அடங்குகின்றன என்பதற்கு ஒரு எளிய பௌதிகக் காரணம் உண்டு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய அவ்வளவுதான் நல்ல ஒலியோடு கொள்ளும். அதற்கு மேல் நீட்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். ஒலியின் அளவும் அடித்தொனியின் கனமும் குறைந்துவிடும். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே இசைக்குக் கொடுக்கும் வழக்கம் ராக் இசைக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1955-இல் அமெரிக்காவில் அலி அக்பர் கான் வாசித்து, யெஹுதி மெனுஹின் அறிமுக உரையோடு வெளிவந்த சரோத் இசைத்தட்டில் பக்கத்துக்கு ஒரு ராகம்தான் இருந்தது.

முதலில் கேட்க வேண்டியது ‘எக்கோஸ்’. பிங்க் ஃபிளாய்டின் 1971-ஆம் ஆண்டு ஆல்பமான ‘மெடில்’, இரண்டாம் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறது. இருபத்து மூன்றரை நிமிடம். ரிச்சர்ட் ரைட் பியானோவின் ஒற்றைச் சுரத்தை, சுழலும் ஒலிபெருக்கியான லெஸ்லியின் வழியே அனுப்பியதால் கிடைத்த, கிணற்றில் நீர் சொட்டுவது போன்ற ஒலியில் அது தொடங்குகிறது. இரண்டு சரணங்கள் பாடப்படுகின்றன. பிறகு கிட்டாரும் ஆர்கனும் நிதானமாக நடக்கும் ஒரு பகுதி. அதன் பின் தாளமே இல்லாமல் காற்றும் கடல்விலங்கின் ஓலமும் மட்டும் நிறைந்த ஒரு பாழ்வெளி. அந்த ஓலம் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர், கிட்டாரின் ஒலியைக் காலால் மாற்றும் தம் வா-வா மிதியைத் தலைகீழாக இணைத்து எழுப்பியது. பாழ்வெளியிலிருந்து அந்தச் சொட்டொலி மறுபடி கேட்கும்போது, மூன்றாம் சரணம் வரப்போகிறது என்று காதுக்குத் தானாகவே தெரிந்துவிடுகிறது. எழுதப்பட்ட நீளம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. பொம்பெயி நகரின் ரோமானிய அரங்கத்தில் பார்வையாளர் எவரும் இல்லாமல் அதே ஆண்டில் படமாக்கிய வாசிப்பும் உண்டு. எனக்கு அது ஸ்டுடியோப் பதிவைவிட ஒரு படி மேல்.

அடுத்தது யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’, 1972. இந்த வகையில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். பறவை ஒலிகளும் நீரோசையும் மெல்ல எழுந்து உச்சத்தைத் தொடும் கணத்தில், அத்தனை வாத்தியங்களும் முன்னறிவிப்பில்லாமல் மோதிக்கொண்டு புறப்படுகின்றன; அந்தக் குழப்பத்தின் நடுவே எல்லாரும் திடீரென்று நிற்க, குரல்கள் மட்டும் ஒரு நொடி ஒலித்து மறைகின்றன. முதல் முறை கேட்பவர் இங்கேயே நிறுத்திவிடுவது வழக்கம்; மூன்று நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஸ்டீவ் ஹவின் கிட்டார் மைய மெட்டைத் தெளிவாக எடுத்துத் தந்துவிடும். பிறகு வரும் ஒவ்வொன்றும் அந்த மெட்டுக்கும் அதைச் சுற்றிய பாடலுக்கும் நேரும் மாற்றங்கள்தாம்: ஓரிடத்தில் தாளம் மாறும், ஓரிடத்தில் பேஸ் கிட்டார் முன்னுக்கு வரும், நடுவில் எல்லாம் அடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னும் குரல்கள் மட்டும் மிதக்கும். அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு எழும் குழாய் ஆர்கன், ரிக் வேக்மன் லண்டனில் ஒரு தேவாலயத்தில் வாசித்துப் பதிந்தது. அங்கிருந்து ஹாம்மண்ட் ஆர்கனின் தனி வாசிப்பு; பிறகு தொடக்கத்தில் கேட்ட பாடல், இம்முறை முழு பலத்தோடு; முடிவில் அதே பறவைகள். ஏறக்குறைய பத்தொன்பது நிமிடத்தில் ஒரு விநாடி கூட நீளத்துக்காக இட்டு நிரப்பியதாக இல்லை.

யெஸ் பாடகர் ஜான் ஆண்டர்சன் இதன் வரிகளுக்கு ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’விலிருந்து உந்துதல் பெற்றார். இசையோ சிறு சிறு துண்டுகளாகப் பதியப்பட்டு, நாடாவை வெட்டி ஒட்டி இணைக்கப்பட்டது. ஒரே மூச்சில் பாய்வது போலத் தோன்றும் ஓட்டம் அப்படிக் கட்டப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால் வியப்பு கூடுமே தவிரக் குறையாது. டிரம்ஸ் வாசித்த பில் புரூஃபோர்டுக்கு அந்த உழைப்பு போதும் போதும் என்றாகிவிட்டது போலும். பதிவு முடிந்ததும் விலகி, கிங் கிரிம்சன் குழுவில் சேர்ந்துவிட்டார்.

அதே 1972-இல் வந்த ஜெனிசிஸ் குழுவின் ‘சப்பர்ஸ் ரெடி’ (ஆல்பம் ‘ஃபாக்ஸ்ட்ராட்’) ஏறக்குறைய இருபத்து மூன்று நிமிடம், ஏழு பகுதிகள். யெஸ் கட்டடம் எழுப்புகிறது என்றால் ஜெனிசிஸ் கூத்து நடத்துகிறது: பீட்டர் கேப்ரியல் பகுதிக்குப் பகுதி குரலையும் வேடத்தையும் மாற்றிக்கொண்டே போகிறார், நடுவில் அப்பட்டமான கோமாளித்தனமும் உண்டு. அந்தக் கோமாளித்தனம் சிலருக்குப் பிடிப்பதில்லை. எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. ஆனால் அதைக் கடந்ததும் வரும் ஆறாம் பகுதிக்காக எதையும் பொறுக்கலாம். கிட்டாரும் பேஸும் டிரம்ஸும் ஒன்பது எண்ணிக்கையில் ஒரே அச்சாக அடித்துக்கொண்டிருக்க, டோனி பேங்க்ஸின் ஆர்கன் அதைக் கண்டுகொள்ளாதது போல வேறு கணக்கில் மேலே அலைகிறது. சங்கீர்ண நடையைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இடத்தில் தாளம் போட்டுப் பார்க்க ஆசை வரும். போட்டுப் பாருங்கள், ஆர்கன் உங்களை இழுத்துத் தவறவிடும். அது முடிந்து, முதல் பகுதியின் மெட்டும் இரண்டாம் பகுதியின் மெட்டும் விரிந்து திரும்பும் இடத்தில்தான் கேப்ரியலின் குரல் உண்மையிலேயே திறக்கிறது.

ஜெத்ரோ டல் குழுவின் ‘திக் ஆஸ் எ ப்ரிக்’ இவற்றின் கூடவே பிறந்த கேலி. முந்தைய ஆண்டின் ‘அக்வாலங்’ ஆல்பத்தை விமர்சகர்கள் ஒரே கருத்தில் கோத்த ஆல்பம் என்று வகைப்படுத்தியதில் எரிச்சலடைந்த இயன் ஆண்டர்சன், ‘அப்படியானால் இதோ’ என்பது போல, இரண்டு பக்கமும் நீளும் நாற்பத்து மூன்று நிமிடத்துக்கு மேற்பட்ட ஒரே பாடலை எழுதினார். வரிகளை எழுதியது எட்டு வயதுச் சிறுவன் என்று ஒரு கற்பனையையும் சேர்த்து, உறையைப் பன்னிரண்டு பக்க உள்ளூர்ச் செய்தித்தாளாக அச்சிட்டார். கேலிக்காகச் செய்தது கேலி செய்யப்பட்டவற்றில் பலவற்றைவிட நன்றாக அமைந்து, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தையும் பிடித்தது. புல்லாங்குழலும் அகௌஸ்டிக் கிட்டாரும் முன்னிற்பதால் இது மற்றவற்றைவிட இலகுவாகக் காதில் இறங்கும்.

நீளத்தில் பதினைந்து நிமிடத்தை எட்டாவிட்டாலும் விடக்கூடாத ஒன்று, கிங் கிரிம்சனின் ‘ஸ்டார்லெஸ்’. பன்னிரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டும் இது, 1974-இல் ‘ரெட்’ ஆல்பத்தின் கடைசிப் பதிவாக வந்தது; ஆல்பம் கடைக்கு வருவதற்குள் ராபர்ட் ஃபிரிப் குழுவையே கலைத்துவிட்டிருந்தார். நாடாவில் பதிந்த வாத்திய ஒலிகளை எழுப்பும் கீபோர்டான மெலோட்ரானின் தந்திக்கூட்டத்தின் மேல் ஜான் வெட்டன் பாடும் சோகமான பாடல் முடிந்ததும், பதின்மூன்று எண்ணிக்கைகொண்ட ஒரு சுழற்சி தொடங்குகிறது. அதன் மேல் ஃபிரிப் ஒற்றைச் சுரத்தையே இரண்டு தந்திகளில் மாற்றி மாற்றி மீட்டுகிறார். பேஸ் உறுமுகிறது, புரூஃபோர்டின் தட்டல்கள் மெல்லப் பெருகுகின்றன, சுரம் அரைப்படி அரைப்படியாக ஏறுகிறது. வேறெதுவும் நடப்பதில்லை, ஆனாலும் நெஞ்சு இறுகுகிறது. கடைசியில் வேகம் இரட்டிப்பாகி, சாக்சஃபோன் உடைத்துக்கொண்டு வந்து, பாடலின் பழைய மெட்டு பேருருவில் திரும்பும்போது அந்த இறுக்கம் விடுபடுகிறது.

ரஷ் குழுவின் ‘2112’, எமர்சன் லேக் அண்ட் பாமரின் ‘டார்கஸ்’, வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் ‘எ பிளேக் ஆஃப் லைட்ஹவுஸ் கீப்பர்ஸ்’ ஆகியவையும் இருபது நிமிடத்தைத் தாண்டும் பெயர்பெற்ற பதிவுகள். முதலாவது ராக்கின் கனம் பிடித்தவர்களுக்கு, இரண்டாவது கீபோர்டு வெறியர்களுக்கு, மூன்றாவது இருட்டு பிடித்தவர்களுக்கு. இவற்றை இப்போதே கேட்டாக வேண்டும் என்பதில்லை.

ராக்கிலிருந்து ஜாஸுக்குப் பாலம் வேண்டும். அதற்கு இங்கிலாந்தின் கேண்டர்பரி நகரைச் சுற்றி எழுந்த குழுக்களைக் கேளுங்கள். கேரவன் குழுவின் ‘நைன் ஃபீட் அண்டர்கிரௌண்ட்’ (1971, ‘இன் தி லேண்ட் ஆஃப் கிரே அண்ட் பிங்க்’ ஆல்பம்) இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அதன் பெரும்பகுதி டேவ் சின்க்ளேரின் கரகரப்பூட்டிய ஆர்கன் வாசிப்பு. இதில் மெட்டுகளும் எழுதப்பட்டிருக்கின்றன, வாசிப்பும் தன்போக்கில் விரிகிறது. இரண்டு உலகங்களும் சண்டையின்றி ஒரே வீட்டில் இருக்கின்றன. சாஃப்ட் மெஷின் குழுவின் ‘தேர்ட்’ (1970) இரட்டை இசைத்தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒன்றாக நான்கு பதிவுகள். ஒலித்தரம் மங்கல் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ராபர்ட் வயட் பாடும் ‘மூன் இன் ஜூன்’ பக்கத்திலிருந்து தொடங்கி, ‘ஸ்லைட்லி ஆல் தி டைம்’ பக்கத்துக்குப் போனால், பாடல் என்பது கரைந்து வாசிப்பு மட்டும் எஞ்சும் இடத்தை நீங்களே கடந்திருப்பீர்கள்.

இனி ஃப்யூஷன். இங்கே தொடக்கம் ‘இன் எ சைலண்ட் வே’தான், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. 1969 பிப்ரவரி 18 அன்று, நியூயார்க்கில் ஒரே அமர்வில் மைல்ஸ் டேவிஸ் இதைப் பதிந்தார். ஹெர்பி ஹான்காக், சிக் கொரியா, ஜோ ஸாவினுல் என்று கீபோர்டில் மட்டும் மூவர். வெய்ன் ஷார்ட்டர் சாக்சஃபோன், டேவ் ஹாலண்ட் பேஸ், டோனி வில்லியம்ஸ் டிரம்ஸ். இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கியிருந்த ஜான் மெக்லாக்லின் கிட்டார். கிட்டாரே வாசிக்கத் தெரியாதவனைப் போல வாசி என்று மைல்ஸ் தம்மிடம் சொன்னதாக மெக்லாக்லின் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். ஸாவினுல் பல சுரக்கோவைகளோடு எழுதிக்கொண்டு வந்த மெட்டை, மைல்ஸ் தம்பூரா ஒலிப்பது போன்ற ஒற்றை ஆதாரத்தின் மேல் நிறுத்தச் செய்தார். அந்தக் கிட்டார் தயங்கித் தயங்கி மெட்டை எடுக்கும் விதத்தில்தான் முழுப் பதிவின் அழகும் இருக்கிறது.

அதைவிடச் சுவையானது பதிவுக்குப் பிறகு நடந்தது. தயாரிப்பாளர் டியோ மசேரோ நாடாவைக் கையில் எடுத்து, இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் வரும் நான்கு நிமிட மெட்டை அப்படியே மறுபிரதி எடுத்து அதன் முடிவிலும் ஒட்டினார். முதல் பக்கத்தின் தொடக்கப் பகுதியும் அதே போல அதன் முடிவில் திரும்ப வருகிறது. தன்போக்கில் வாசித்த இசைக்கு, கத்தரியால் ஒரு வடிவம் கிடைத்தது. பாடல் போலப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதால், ‘எக்கோஸ்’ பழகிய காது இதில் தொலைந்துபோகாது. முப்பத்தெட்டு நிமிடம், இரண்டே பதிவுகள், ஓங்கி ஒலிக்காத டிரம்ஸ். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க ஏற்றது.

அடுத்து ‘எ ட்ரிப்யூட் டு ஜாக் ஜான்சன்’ (1971) ஆல்பத்தின் முதல் பக்கமான ‘ரைட் ஆஃப்’. குத்துச்சண்டை வீரர் ஒருவரைப் பற்றிய ஆவணப்படத்துக்கான இசை இது. கிட்டத்தட்ட இருபத்தேழு நிமிடம். மைல்ஸ் கட்டுப்பாட்டு அறையில் மசேரோவோடு பேசிக்கொண்டிருந்தபோது, காத்திருந்து சலித்த மெக்லாக்லினும் பில்லி காபமும் பேஸ் வாசித்த மைக்கேல் ஹெண்டர்சனும் தாங்களாகவே ஷஃபிள் என்ற துள்ளுநடைத் தாளம் ஒன்றை ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் கடந்த பின் கிட்டார் வேறு ஆதாரத்துக்கு மாறுகிறது. ஹெண்டர்சன் அதைக் கவனிக்காமல் பழைய இடத்திலேயே நிற்கிறார். சரியாக அந்த உரசலுக்குள் மைல்ஸின் ட்ரம்பெட் நுழைகிறது. எழுதி வைத்து வாசித்திருந்தால் தவறு என்று அழித்திருப்பார்கள். அன்று வேறு வேலையாக வந்த ஹெர்பி ஹான்காக்கும் அங்கிருந்த ஃபார்ஃபிசா ஆர்கனில் உட்கார வைக்கப்பட்டார். நீளத்தை வாசிப்பு தாங்கிப் பிடிப்பது என்று மேலே சொன்னேனே, அதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பக்கம் போதும். ராக் கேட்டு வளர்ந்தவருக்கு டிரம்ஸும் கிட்டாரும் உடனே கைகொடுக்கும்.

இந்த இரண்டையும் சில வாரம் கேட்ட பிறகு ‘பிட்சஸ் புரூ’வுக்குத் திரும்புங்கள், ஆனால் முதல் பக்கத்திலிருந்து அல்ல. 1969 ஆகஸ்டில் மூன்றே நாளில் பதிந்த அந்த இரட்டை இசைத்தட்டில், ‘ஸ்பானிஷ் கீ’ என்ற பதினேழரை நிமிடப் பதிவுதான் கால் ஊன்றிக்கொள்ளத் தகுந்த இடம். அதில் அடித்தாளம் உறுதியாக ஓடுகிறது. யாராவது ஒருவர் சைகை காட்டியதும் எல்லாரும் சேர்ந்து ஆதாரம் மாறுவது தெளிவாகக் கேட்கிறது. முதல் பக்கத்தின் ‘ஃபேரோஸ் டான்ஸ்’ மசேரோ பல இடங்களில் வெட்டி ஒட்டியது. அதைக் கடைசியாகக் கேளுங்கள். மெட்டைத் தேடாமல், ஒரு கூட்டத்துக்குள் நின்று யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று கேட்பது போலக் கேட்க வேண்டியது அது. பேஸ் கிளாரினெட்டை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை முழுவதையும் கேட்டுப்பாருங்கள். வேறொரு இசைத்தட்டு கிடைத்தது போல இருக்கும்.

மைல்ஸிடம் வாசித்தவர்கள் பிரிந்து சென்று அமைத்த குழுக்களே பிறகு இந்தத் துறையாயின. சிக் கொரியாவின் ‘ரிட்டர்ன் டு ஃபாரெவர்’ முதல் ஆல்பத்தில் (1972), இரண்டாம் பக்கம் முழுவதும் நீளும் ‘சம்டைம் அகோ – லா ஃபியெஸ்டா’ இருக்கிறது. இருபத்து மூன்று நிமிடம் முழுக்க வெளிச்சம், ஃப்ளோரா பூரிமின் குரல், முடிவில் ஸ்பானிய நடனம். ஹான்காக்கின் ‘கமிலியன்’ (1973, ‘ஹெட் ஹண்டர்ஸ்’) பதினைந்தே முக்கால் நிமிடம். சிந்தசைசரில் வாசித்த அந்த பேஸ் சுழற்சியை நீங்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள். பாதி வழியில் சுழற்சி மறைந்து மின்பியானோ வேறொரு உலகத்தைத் திறப்பதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் வானொலிக்காகக் குறுக்கிய வடிவங்களில் அது இருக்காது. மெக்லாக்லினின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த ஸ்டுடியோப் பதிவுகள் பெரும்பாலும் குறுகியவை. நீளம் வேண்டுமென்றால், 1973 ஆகஸ்டில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நேரடியாகப் பதிந்த ‘பிட்வீன் நத்திங்னெஸ் அண்ட் எடர்னிடி’யின் ‘ட்ரீம்’ என்ற இருபத்தொரு நிமிடப் பக்கத்தைக் கேளுங்கள். வேகம் சில இடங்களில் வேகத்துக்காகவே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இருந்தாலும் காபமின் டிரம்ஸுக்காகக் கேட்கலாம்.

அந்த மின்சார இரைச்சலை அப்படியே விட்டுவிட்டு அதே மெக்லாக்லின் அகௌஸ்டிக் கிட்டாரோடு தரையில் சம்மணமிட்டு அமர்ந்ததுதான் ஷக்தி. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் அவர். வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ராம்நாட் ராகவன். 1975 ஜூலை 5 அன்று லாங் ஐலண்டில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிந்து, அடுத்த ஆண்டு வெளிவந்த முதல் ஆல்பத்தில் மொத்தம் மூன்றே பதிவுகள்: பதினெட்டு நிமிட ‘ஜாய்’, ஐந்து நிமிடத்துக்கும் குறைவான ‘லோட்டஸ் ஃபீட்’, பெயரே இரண்டு வரி நீளும் இருபத்தொன்பது நிமிடப் பதிவு ஒன்று. இரண்டாவது பக்கம் முழுவதும் அந்தக் கடைசிப் பதிவுக்கு உரியது.

கச்சேரி கேட்டுப் பழகியவருக்கு இந்த ஆல்பத்தைப் பற்றி நான் விளக்கவே வேண்டியதில்லை. எழுதப்பட்ட நீளமா வாசிக்கப்பட்ட நீளமா என்று நான் இதுவரை பிரித்து வைத்திருந்த கணக்கு இங்கே உடைகிறது. கோர்வைகள் முன்கூட்டியே கணக்கிட்டவை. அவற்றுக்கு நடுவே கிட்டாரும் வயலினும் பரிமாறிக்கொள்ளும் கேள்வி-பதில்கள் அந்த நிமிடத்தில் பிறந்தவை. பரிமாற்றம் குறைந்து குறைந்து, ஒருவர் வாயிலிருந்து மற்றவர் சொல்லைப் பறிப்பது போலாகி, எல்லாரும் ஒரே இடத்தில் வந்து விழுகிறார்கள். நம் ஊர் ரசிகர்களில் சிலர் இதைக் கலப்படம் என்று ஒதுக்குவதையும், வெளிநாட்டு ராக் ரசிகர்களில் சிலர் இது ஃப்யூஷனே இல்லை என்று ஒதுக்குவதையும் கேட்டிருக்கிறேன். இருவருமே ‘ஜாய்’ பதிவின் கடைசி ஐந்து நிமிடத்தைக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். இதில் மனம் ஒன்றினால், எல். சங்கர் தம் இரட்டை வயலினில் வாசித்து இசிஎம் நிறுவனம் வெளியிட்ட ‘ஹூஸ் டு நோ’ ஆல்பத்துக்குப் போங்கள். அது ஃப்யூஷன் அல்ல, முறையான ராகம் தானம் பல்லவிதான். உமையாள்புரம் சிவராமனின் மிருதங்கமும் ஜாகிர் உசேனின் தபலாவும் சேர்ந்து ஒலிக்கின்றன. ஐரோப்பிய ஜாஸ் நிறுவனம் ஒன்று அந்தத் தெளிவில் பதிந்த பல்லவி வேறு எனக்குக் கிடைத்ததில்லை.

நீங்கள் நிறுத்திவிட்ட ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ (1973) பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதம்’ நூலில், சாத்திரங்களைச் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என நான்காக வகுக்கும் ஓர் அடிக்குறிப்பைப் படித்த ஜான் ஆண்டர்சன், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் என எண்பது நிமிட இரட்டை இசைத்தட்டையே திட்டமிட்டார். அவ்வளவு எடையை ஓர் அடிக்குறிப்பால் தாங்க முடியாது. வேக்மனுக்கே அது பிடிக்கவில்லை. மான்செஸ்டர் கச்சேரி ஒன்றில் வாசிக்கத் தமக்கு அதிகம் இல்லாத நேரத்தில் மேடையிலேயே கறி சாப்பிட்டதாக அவரே கதையாகச் சொல்வார். அந்தச் சுற்றுப்பயணத்தோடு குழுவிலிருந்தும் விலகினார். முதல் பக்கமும் நான்காம் பக்கமும் நன்றாகவே இருக்கின்றன. நடுவில் உள்ள இரண்டையும் கேட்காததால் உங்களுக்கு இழப்பு ஏதும் இல்லை.

குறுந்தகடு வந்து எழுபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்ததும் பலருக்கு நிறுத்தத் தெரியாமல் போயிற்று. பிற்காலப் பதிவுகளில் என் பரிந்துரை அதனால் மிகக் குறைவு. பாட் மெத்தனி குழுவின் ‘தி வே அப்’ (2005) அறுபத்தெட்டு நிமிடமும் ஒரே படைப்பு. மெத்தனியும் லைல் மேஸும் கட்டுமானம் முழுவதையும் எழுதி வைத்து, அதற்குள்ளேயே ஜாஸ் வாசிப்புக்கு இடம் விட்டிருக்கிறார்கள். இதை அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். போர்க்குபைன் ட்ரீயின் ‘அனஸ்தடைஸ்’ (2007) பதினேழே முக்கால் நிமிடம். இன்றைய கனத்த ஒலியில் பழைய கட்டுமானம்.

பதிப்புகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2001-இல் வந்த பிங்க் ஃபிளாய்டு தொகுப்பு ஒன்று ‘எக்கோஸ்’ என்ற பெயரையே தாங்கியிருந்தாலும், அதில் உள்ள ‘எக்கோஸ்’ ஏழு நிமிடம் வெட்டப்பட்டது; ‘மெடில்’ ஆல்பத்தில் உள்ளதையே கேளுங்கள். ‘திக் ஆஸ் எ ப்ரிக்’ மூன்று நிமிடத் துணுக்காகவும் உலவுகிறது. ஸ்ட்ரீமிங் செயலியில் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். இடைவெளியின்றி ஓட்டும் வசதி இருந்தால் இயக்குங்கள். யெஸ், ஜெத்ரோ டல், கேரவன், கிங் கிரிம்சன் ஆகியோரின் பழைய பதிவுகளைப் போர்க்குபைன் ட்ரீயின் ஸ்டீவன் வில்சன் மூல நாடாக்களிலிருந்து புதிதாகக் கலந்து வெளியிட்டிருக்கிறார். ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு, குறிப்பாக ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ பதிவின் அந்த முதல் மூன்று நிமிடக் குழப்பத்தில் எந்தக் கை எங்கே வாசிக்கிறது என்று பிரித்தறிய, 2013-இல் வந்த அவருடைய கலவையே எளிது. தேவாலய ஆர்கன் எழும் இடத்தில் மட்டும் நான் இன்னும் பழைய இசைத்தட்டுக்குத்தான் திரும்புகிறேன்.